திரைப்படத்திலும் பாட வேறுபாடு: ஒரு சீனப் படத்தின் பதிப்புகள்

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சான்றோர் பட்ட பாட்டினைத் தமிழ் மாணவர் நன்கு அறிவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்ட டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஒரு சுவடியைக் கண்ட அளவில் மனநிறைவு கொண்டாரல்லர். ஊர் ஊராகச் சென்று பல சுவடிகளைத் தொகுத்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாட வேறுபாடுகளைக் குறித்தார், அதன் பின்னரே நூலை உலகுக்கு அளித்தார். செல்லரித்த இடத்தைப் புலவனின் குறையென்று கருதிவிடலாகாது என்பதே அவ்வுழைப்பின் அடிப்படை.

இவ்விழிப்பு ஓலைச்சுவடிக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையாகிய திரைப்படமும் பல பதிப்புகளாய்ப் பிரிந்து வழங்குகின்றது. ஒரே பெயர், ஒரே நடிகர், ஒரே கதை. ஆயினும் ஒரு பதிப்பில் உள்ளது மற்றொன்றில் இல்லை. இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சென் கைகே இயக்கி 1993-இல் வெளிவந்த ‘பா வாங் பியே ஜி’ என்னும் சீனத் திரைப்படம். அவ்வாண்டு கேன்ஸ் விழாவின் தலைமைப் பரிசாகிய தங்கப் பனையோலையை, ஜேன் கேம்பியனின் ‘தி பியானோ’ படத்தோடு அது பகிர்ந்துகொண்டது. அப்பரிசைப் பெற்ற முதல் சீனமொழிப் படம் இதுவே.

ஜொகூர் மாநிலத்தின் கீழைக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்த ஊர் மெர்சிங். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இத்தகைய சிற்றூரில் உள்ள மாணவன் ஒருவன், உலகத் திரைப்பட விழாக்களின் வெண்திரையில் இப்படத்தைக் காணும் வாய்ப்பு அரிது. வீடியோ நாடா, வி.சி.டி., டி.வி.டி., புளூரே என வீட்டுக்கு வரும் வடிவங்களில் ஒன்றே அவன் கைக்குக் கிட்டும். பக்கத்து வீட்டுச் சீன நண்பனின் பண்பாட்டை அறிய அவன் திறக்கும் சாளரம் அது. அச்சாளரத்தில் எத்தனை கதவுகள் அடைபட்டுள்ளன என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

கதையும் அதன் கட்டமைப்பும்

பீக்கிங் இசைநாடகப் பள்ளியொன்றில் வளரும் சிறுவர் இருவரின் வாழ்வே கதை. தோவ்ஸி பெண் வேடத்துக்கும் ஷிதோவ் அரச வேடத்துக்கும் பயிற்றப்படுகின்றனர். வளர்ந்தபின் அவர்களே செங் தியெயி, துவான் சியாவ்லோ என்னும் புகழ்பெற்ற நடிகராகின்றனர். தோல்வியுற்ற மன்னன் சியாங் யூவின் முன் அவன் தேவி வாளால் உயிர்துறக்கும் நாடகமே அவர்களுக்குப் பெயர் தந்தது. மேடையில் தேவியாக வாழும் தியெயி, மேடைக்கு வெளியிலும் அம்மன்னனைப் பிரிய இயலாதவனாகின்றான். சியாவ்லோவோ ஜூசியன் என்னும் பெண்ணை மணக்கின்றான். 1924 முதல் 1977 வரை, ஜப்பானியர் ஆட்சி, உள்நாட்டுப் போர், பொதுவுடைமை அரசு, பண்பாட்டுப் புரட்சி ஆகிய புயல்களினூடே இம்மூவர் வாழ்வும் சிதறுகின்றது. தியெயியாக லெஸ்லி சியுங்கும், சியாவ்லோவாக ஜாங் ஃபெங்யீயும், ஜூசியனாகக் கோங் லியும் நடித்துள்ளனர்.

தமிழருக்கு இவ்வுலகம் அயலானதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதன் வழிவந்த ‘பாய்ஸ் கம்பெனி’களும் சிறுவரைக் கடுமையாகப் பயிற்றிப் பெண் வேடம் புனைவித்தன. ‘ஸ்திரீபார்ட்’ என்னும் சொல் அன்று நாடக உலகில் பெருவழக்கு. ஔவையாராகத் தோன்றிய டி.கே. சண்முகமும், இளமையில் சீதையாக நடித்த சிவாஜி கணேசனும் அம்மரபில் வந்தவர்களே. எனவே தோவ்ஸியின் துயரைத் தமிழ் மாணவன் எளிதில் உணர்வான்.

இப்படத்தின் கட்டமைப்பு இரட்டைகளால் ஆனது. ஒரு நிகழ்ச்சி முன்னே விதைக்கப்படுகின்றது. நெடுநேரம் கழித்து அது வேறோர் உருவில் முளைக்கின்றது. தோவ்ஸியின் ஆறாவது விரலைத் தாயே வெட்டியெறிந்து அவனைப் பள்ளியில் சேர்க்கின்றாள். அன்று தொடங்கிய வெட்டு இறுதியில் வாளில் முடிகின்றது. லாய்ஸி என்னும் சிறுவன் அடிக்கு அஞ்சித் தூக்கிட்டுக்கொள்கின்றான்; பின்னர் ஜூசியனும் அவ்வாறே மாய்கின்றாள். தெருவில் கிடந்த குழந்தையைத் தோவ்ஸி எடுத்து வருகின்றான்; அக்குழந்தையே வளர்ந்து சியாவ்ஸியாகித் தியெயியின் வேடத்தைப் பறிக்கின்றது. தான் பெண் என்று கூறவேண்டிய பாட்டில் ஆண் என்று பிழையாகக் கூறியதற்காக அடிபட்ட சிறுவன், படத்தின் முடிவில் அதே பிழையை மீண்டும் கூறுகின்றான். அப்போது அது பிழையன்று. தன்னை அறிந்த ஒருவனின் வாக்குமூலம்.

இத்தகைய படைப்பில் விதையை அகற்றினால் முளை வியப்பாக நிற்கும். முளையை அகற்றினால் விதை வீணாகும். ‘நீளத்தைச் சிறிது குறைத்தால் என்ன?’ என்னும் வினாவுக்குப் படத்தின் கட்டமைப்பே விடை கூறுகின்றது.

இருவகை வெட்டுகள்

கேன்ஸ் விழாவில் காட்டப்பட்ட முழுப்படம் 171 நிமிடம் ஓடுவது. சீனத்தில் 1993 ஜூலையில் ஷாங்ஹாயில் திரையிடப்பட்ட பின், இரு வாரங்களுக்குள் அது தடுக்கப்பட்டது. செப்டம்பரில் மீண்டும் இசைவு கிடைத்தபோது, பண்பாட்டுப் புரட்சியையும் ஆண்பாற் காதலையும் பற்றிய பகுதிகள் குறைக்கப்பட்டிருந்தன; இறுதித் தற்கொலையின் கூர்மையும் தணிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் அதனை வெளியிட்ட மீரமேக்ஸ் நிறுவனமோ 14 நிமிடங்களை நீக்கி 157 நிமிடப் படமாகத் திரையிட்டது. முன்னது அரசியல் வெட்டு. பின்னது வணிக வெட்டு. நோக்கம் வேறாயினும் ஊறு ஒன்றே.

அவ்வாண்டுக் கேன்ஸ் நடுவர் குழுவின் தலைவராயிருந்த பிரெஞ்சு இயக்குநர் லூயி மால், அமெரிக்கப் பதிப்பைக் குறித்துக் கூறிய கருத்து ஈண்டு நோக்கத்தக்கது. குறைக்கப்பட்ட படம் பொருள் விளங்காமையால் முன்னதினும் நீண்டதாகத் தோன்றுகின்றது என்பது அவர் கருத்து. காரணம் அறியாமல் காரியத்தை மட்டும் காண்பவனுக்கு நேரம் நகர்வதில்லை. வகுப்பறையில் முன்பாடம் நடத்தாது பின்பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் இதனை உணர்வர்.

‘எல்லாச் சுருக்கமும் தீதோ?’ என்று வினவலாம். ரசிகமணி டி.கே.சி., இடைச்செருகல் என்று தாம் கருதிய பாடல்களை விலக்கிக் கம்பனைப் பதிப்பித்தார். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் அவர் தம் கொள்கையை வெளிப்படையாகக் கூறித் தம் பெயரால் அதனைச் செய்தார். முழு நூலும் கற்போர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. திரைப்படச் சுருக்கமோ பெரும்பாலும் தன்னைச் சுருக்கம் என்று அறிவிப்பதில்லை. முழுப்படத்தின் பெயரையும் பரிசையும் தாங்கியே அது வருகின்றது. குற்றம் சுருக்கியதில் மட்டுமன்று. சுருக்கியதை மறைத்ததிலும் உள்ளது.

நிமிடக் கணக்கின் மயக்கம்

உறையில் அச்சிட்ட நிமிடக் கணக்கைக் கொண்டு பதிப்பை அடையாளம் காண முயல்வோர் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. பிரிட்டனிலும் மலேசியாவிலும் வழங்கிய பால் என்னும் தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டங்களைக் கொண்டது. அம்முறையில் அமைந்த நாடாவிலும் டி.வி.டி.யிலும் படம் பொதுவாகச் சற்று விரைவுபடுத்தப்பட்டே பதியப்பட்டது. அதனால் 171 நிமிடப் படம், ஒரு காட்சியும் குறையாமல், ஏறத்தாழ 164 நிமிடத்தில் முடிந்துவிடும். 157 நிமிடச் சுருக்கமோ ஏறத்தாழ 151 நிமிடமாகும். ஆகவே 164 என்னும் எண்ணைக் கண்டு ஏழு நிமிடம் வெட்டப்பட்டது என முடிவு கட்டுவது பிழை. 157 என்னும் எண்ணைக் கண்டு அதுவும் விரைவின் விளைவே என அமைவதும் பிழை.

இவ்விரைவால் மற்றோர் இழப்பும் உண்டு. ஒலியைத் தனியே திருத்தாவிடில் குரலின் சுருதி நூற்றுக்கு நான்கு பங்கு உயரும். அஃது ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு. வேறு படத்தில் இது செவிக்குப் புலப்படாது போகலாம். ஆணின் தொண்டையிலிருந்து பெண்குரலை வருவிக்கும் கலையைப் பற்றிய இப்படத்தில், குரலின் உயரமே கதைப்பொருளாகும். ஆங்குச் சுருதி மாறுவது சிறு குறையன்று.

1990-களில் நம் நாட்டில் பெருகிய வி.சி.டி., ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளும். முழுப்படம் மூன்று வட்டுகளாகப் பிரியும். அதன் படத்தில் கிடைவரிகள் 288-க்கு மேற்படா, டி.வி.டி.யில் 576 வரையும், புளூரேயில் 1080-உம், 4கே வட்டில் 2160-உம் உள்ளன. வேடமிட்ட முகத்தின் மையும் செந்தூளும் வி.சி.டி.யில் ஒரே செந்நிறத் திட்டாக மாறும். அவ்வொப்பனையின் கீழே நடுங்கும் உதடு தெரியாது.

வசன வரிகள்

சீனம் அறியாதார்க்குச் சப்டைட்டில் எனப்படும் வசன வரிகளே உரையாசிரியர். உரை வழுவினால் மூலம் வழுவும். படத்தின் பெயரிலேயே இச்சிக்கல் தொடங்குகின்றது. ஆங்கிலப் பெயர், மன்னன் தேவியிடம் விடைபெறும் கூற்றாக அமைந்துள்ளது. சீனப் பெயரோ ‘மன்னன் தேவியைப் பிரிதல்’ என்று அயல் நின்று நிகழ்ச்சியைச் சுட்டுவது. பிரிதல் பாலைத்திணையின் உரிப்பொருள் என்று கற்ற தமிழ் மாணவனுக்கு ஆங்கிலப் பெயரினும் சீனப் பெயரே நெருக்கமானது. ஏறத்தாழ ஒரு துறைப்பெயர் போலவே அது ஒலிக்கின்றது.

பெயர்களின் மொழிபெயர்ப்பும் இன்றியமையாதது. தோவ்ஸி என்பது பயறு என்றும், ஷிதோவ் என்பது கல் என்றும் பொருள்படும் பிள்ளைப் பெயர்கள். படத்தின் இறுதியில் சியாவ்லோ முதலில் ‘தியெயி’ என்று அலறுகின்றான். அடுத்து மெல்லிய குரலில் ‘தோவ்ஸி’ என்கின்றான். முதற்சொல் நடிகனை அழைக்கின்றது; அடுத்த சொல் பனிக்காலத்தில் விரலிழந்து வந்த சிறுவனை அழைக்கின்றது. வசன வரி இரண்டிடத்தும் ஒரே பெயரை இடுமாயின், அல்லது இரண்டாவதை விட்டுவிடுமாயின், ஐம்பதாண்டுக் கதையின் முடிவு காண்போனை எட்டாது. ஒரு பதிப்பின் மொழிபெயர்ப்பை மதிப்பிட விரும்பும் ஆசிரியர் இவ்வொரு காட்சியையும், ஆண்–பெண் என்னும் பாட்டுப் பிழை வரும் இரு காட்சிகளையும் பார்த்தாலே போதுமானது.

தெளிவும் முழுமையும்

பின்னாளில் அமெரிக்க டி.வி.டி.யிலும் 171 நிமிடப் படமே இடம்பெற்றது. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட முழுப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாயிற்று. 2024-இல் கிரைட்டீரியன் நிறுவனம் அதனை 4கே வட்டாக வெளியிட்டது. முப்பதாண்டுகட்குப் பின்னரேனும் முழுமையும் தெளிவும் ஓரிடத்தில் கூடின என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் விலையும் கிடைக்கும் அருமையும் நோக்க, இணையவழியிலோ பழைய வட்டிலோ இப்படத்தைக் காண்போரே மிகுதியாவர். அவர்க்கு வரிசைமுறை ஒன்று வேண்டும்.

முதலில் நோக்கத்தக்கது முழுமை. அடுத்தது வசன வரிகளின் நேர்மை. மூன்றாவது ஓட்டத்தின் வேகமும் குரலின் சுருதியும். படத்தின் தெளிவு இறுதியிலேயே வரும். மங்கலான முழுப்படம், செல்லரித்தும் ஏடு குறையாத சுவடி போன்றது; பளபளப்பான குறைப்படம், நல்ல தாளில் அச்சிட்டுப் பாதிப் பாடலை விட்ட நூல் போன்றது. அறிவுடையோர் முன்னதையே தேர்வர். வணிக விளம்பரம் இவ்வரிசையைத் தலைகீழாக்கித் தெளிவையே முதலில் வைக்கின்றது என்பதை மாணவர் உணர்தல் நன்று.

‘ஜூசியனின் சாவு திடீரெனப் புகுத்தப்பட்டுள்ளது’ என்றோ, ‘சியாவ்ஸியின் வஞ்சகத்துக்குக் காரணமில்லை’ என்றோ ஒரு மாணவன் திறனாய்வுக் கட்டுரை எழுதக்கூடும். அதனைத் திருத்தும் ஆசிரியர், சிவப்பு மையை எடுக்குமுன் அவன் கண்ட படம் எத்தனை நிமிடம் ஓடியது என்று கேட்டல் வேண்டும். அவன் தீர்ப்பு அவன் கண்ட பதிப்புக்குச் சரியாக இருக்கலாம். படைப்பாளிக்குப் பெரும் அநீதியாகவும் இருக்கலாம். ஏட்டை ஒப்பிட்ட பின்னரே பொருள் காணப் புகுந்த மரபு தமிழர் மரபு. பக்கத்து வீட்டாரின் பெருங்கதையைக் காணும்போதும் அம்மரபைக் கைவிடாதிருத்தலே, அவர்க்குச் செய்யும் மரியாதையும் தமிழாசிரியர்க்குரிய கடமையும் ஆகும்.