வேண்டுதலும் நிலைபேறும்: அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' பற்றிய ஓர் ஆய்வு

தன் ஒழுக்கத்தைத் திருத்திக்கொள்ள விரும்பும் மனிதன் இறைவனை நோக்கி வேண்டுதல் பல சமயத்தார்க்கும் பொதுவாய வழக்கமாகும். அவ்வேண்டுதல் மாற்றத்தைத் தோற்றுவிக்குமா என்பது ஒரு வினா; தோன்றிய மாற்றத்தை நிலைக்கச் செய்யுமா என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே மயங்கிக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்துணர்ந்து, தம் வாழ்க்கையையே சான்றாக நிறுத்தி ஆராய்ந்த கிறித்தவ நூல்களுள் தலையாயது அகுஸ்தீனார் (354-430) இயற்றிய 'ஒப்புதல்கள்' ஆகும். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்து, பின்னர் இப்போ நகரின் ஆயராக விளங்கிய அவர், 397-ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 400 வரையில் இலத்தீன் மொழியில் 13 பகுதிகளாக இந்நூலை எழுதினார். இந்நூல் வேண்டுதலைப் பற்றி யாது கூறுகின்றது என்பதனோடு, வேண்டுதலாகவே அமைந்த அதன் வடிவம் யாது செய்கின்றது என்பதனையும் ஈண்டு நோக்குவோம்.

நூலின் பெயரே முதற்கண் ஆராயத்தக்கது. இலத்தீனில் அச்சொல் குற்றத்தை ஏற்றுரைத்தலையும் இறைவனைப் புகழ்ந்துரைத்தலையும் ஒருங்கே குறிக்கும். இவ்விரு பொருளும் நூல் முழுதும் இணைந்து நிற்கின்றன. அதற்கேற்ப நூலும் தொடக்கம் முதல் இறுதி வரை இறைவனை முன்னிலைப்படுத்தியே செல்கின்றது. படிப்பவர் அருகிருந்து கேட்பவரே. பேச்சு அவரை நோக்கியதன்று. தன்வரலாறு எழுதுவோர் தம்மைப் படிப்பவர் முன் நல்லவராகக் காட்ட முயலுதல் இயல்பு. கேட்பவன் எல்லாம் அறிந்தவன் எனக் கொண்ட இடத்து அம்முயற்சி பயனற்றதாகின்றது. ஆகவே இந்நூலில் முன்னிலை அணியாக நில்லாது கருவியாக நிற்கின்றது எனலாம்.

இந்நூலைக் கற்பார் பலரும் எட்டாம் பகுதியையே அதன் முடிவிடமாகக் கொள்வர். 386-ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் தம்மோடு போராடி அழுகின்றார். அண்டை வீட்டிலிருந்து வந்த ஒரு குழந்தைக் குரலைப் படிக்குமாறு ஏவும் ஆணையாகக் கொள்கின்றார். பவுல் அடிகள் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தில் கண்ட இடத்தைப் படித்து ஐயம் நீங்குகின்றார். அடுத்த ஆண்டு, 387-இல், அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெறுகின்றார். 'வேண்டினார், பெற்றார், மாறினார்' என்று இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுதல் எளிது. ஆயின் நூலாசிரியர் அவ்வாறு சுருக்கவில்லை.

அதே எட்டாம் பகுதியில் அவர் தம் இளமைக்கால வேண்டுதல் ஒன்றனையும் வெளியிடுகின்றார். தூய்மையைத் தருமாறு கேட்டதாகவும், உடனே தந்துவிட வேண்டா எனக் கூடவே கேட்டதாகவும், இறைவன் விரைந்து செவிசாய்த்துவிடுவானோ என்று அஞ்சியதாகவும் அவர் ஒளியாது உரைக்கின்றார். இதனால், வேண்டுதல் என்பது விருப்பத்தின் சான்றாகாது என்னும் உண்மை பெறப்படும். நாவால் கேட்பதனை நெஞ்சம் மறுத்தல் கூடும். கேட்டல் என்னும் செயலே மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழியாகவும் ஆகக்கூடும். இஃது ஏன் நிகழ்கின்றது என்பதற்கு அவர் தரும் விளக்கம் நுட்பமானது. கோணிய விருப்பத்திலிருந்து இச்சையும், இச்சைக்கு ஏவல் செய்வதிலிருந்து வழக்கமும், தடுக்கப்படாத வழக்கத்திலிருந்து கட்டாயமும் பிறந்து, சங்கிலியின் வளையங்கள்போல் ஒன்றையொன்று பிணிக்கின்றன. மனம் உடலை ஏவின் உடல் பணிகின்றது. மனம் தன்னையே ஏவின் பணிய மறுக்கின்றது. முழுமனத்தோடு ஏவாமையே அதற்குக் காரணம் என்பது அவர் துணிபு.

இனி, பத்தாம் பகுதிக்கு வருவோம். தோட்டத்து நிகழ்ச்சி நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் சென்றபின், ஆயர் பதவியிலிருந்து, 'இப்பொழுது நான் எத்தகையேன்' என்று அவர் தம்மைச் சோதிக்கின்றார். மாற்றம் முற்றிய ஒருவரின் வெற்றியுரையை எதிர்பார்ப்பார்க்கு இங்கு வியப்பே எஞ்சும். விழிப்பில் வலியிழந்த பழைய உருவங்கள் கனவில் மீள்கின்றன. உணவை மருந்துபோல் கொள்ள முயன்றும், தேவை எங்கு முடிந்து இன்பம் எங்குத் தொடங்குகின்றது என்பது தெளிவாகவில்லை. திருப்பாடலின் பொருளினும் அதன் இசை தம்மைக் கவர்கின்றதோ என அவர் ஐயுறுகின்றார். வயலில் முயலைத் துரத்தும் நாயும், வீட்டில் ஈயைப் பிடிக்கும் பல்லியும் தம் கருத்தைச் சிதறச் செய்தலைக் கூறுகின்றார். புகழாசையே எல்லாவற்றினும் கொடியது. புகழை இகழ்ந்தேன் என்னும் எண்ணமே புகழுக்கு வித்தாகின்றது. இவற்றினிடையே, இறைவன் ஏவுவதனைச் செய்யும் ஆற்றலையும் அவனே தரல் வேண்டும் என்னும் பொருள்பட்ட வேண்டுதல் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது.

இம்மீட்சியே நூலின் மையக் கருத்தை விளக்குகின்றது. ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் உடைமையாக அகுஸ்தீனார் மாற்றத்தைக் கருதவில்லை. நாள்தோறும் கேட்டுப் பெறுவதாகவே அது நிற்கின்றது. கேட்டல் நின்ற இடத்தில், மாறிவிட்டேன் என்னும் செருக்குத் தொடங்கும். செருக்குத் தொடங்கிய இடத்தில் மாற்றம் தேயும். எனவே பத்தாம் பகுதியை எட்டாம் பகுதியின் பின்னிணைப்பாகக் கருதுதல் பொருந்தாது. எட்டாவது மாற்றத்தின் தோற்றத்தையும் பத்தாவது அதன் நிலைபேற்றையும் ஆராய்கின்றன. முன்னதை மட்டும் கற்பார் நூலிற் பாதியையே கற்றவராவர்.

வேண்டுதல் ஒன்றே வாயில் என்றும் இந்நூல் கூறவில்லை. ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுசின் கதை வருகின்றது. உரோமையில் வாட்போர்க் களரிக்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அவர், உடலை இழுத்தாலும் உள்ளத்தை இழுக்க இயலாது எனச் செருக்கிக் கண்ணை மூடியிருந்தார். கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண்ணைத் திறந்தார். அக்கணமே அக்கொடுங்காட்சிக்கு அடிமையானார். தன்னையே நம்பிய துணிவின் தோல்வி இது. ஒன்பதாம் பகுதியில் தாயார் மோனிக்காவின் இளமைக்கதை வேறு வகையானது. மிடாவிலிருந்து மது முகந்து வர அனுப்பப்பட்ட சிறுமி, சிறிது சிறிதாகச் சுவைத்துக் குடிப்பழக்கத்திற்கு உள்ளானாள். பணிப்பெண் ஒருத்தி சினத்தால் குடிகாரி என ஏசிய ஒரு சொல்லே அப்பழக்கத்தை அறுத்தது. இங்குச் சிறுமியின் வேண்டுதல் எதுவும் சொல்லப்படவில்லை, வசையே மருந்தாயிற்று. அவ்வசையையும் இறைவன் கையிலுள்ள கருவியாகவே ஆசிரியர் காண்கின்றார். எனினும், தம் கொள்கைக்கு எளிதில் அடங்காத இச்சான்றை மறையாது வைத்தமை அவர்தம் நேர்மையைக் காட்டும்.

மாற்றமும் அதன் நிலைபேறும் கொடையே எனின் மனித முயற்சி எற்றுக்கு என்னும் தடை அவர் காலத்திலேயே எழுந்தது. மேற்குறித்த பத்தாம் பகுதி வேண்டுதலை ஆயர் ஒருவர் உரோமையில் எடுத்துக்கூறியபோது பெலாஜியுசு அதனைப் பொறுக்கமாட்டாது எதிர்த்தார் என அகுஸ்தீனாரே தம் முதுமையில் எழுதியுள்ளார். பெலாஜியுசின் கொள்கை 418-இல் கார்த்தேசு நகர ஆயர் பேரவையில் கண்டிக்கப்பட்டது. ஆயினும் அவர் எழுப்பிய வினா வலியுடையது. அதுருமேத்து மடத்துத் துறவிகளிடையேயும் அவ்வினா எழுந்தது. எல்லாம் அருளே எனின், தலைவர் எம்மைக் கண்டிப்பானேன், எமக்காக வேண்டுதல் மட்டும் போதாதோ என்று சிலர் வாதிட்டனர். கண்டித்தலும் வேண்டுதலும் ஒன்றையொன்று விலக்கா என்று 426-427-ஐ ஒட்டி அகுஸ்தீனார் அதற்கு விடை எழுதினார். இவ்விடை கோட்பாட்டளவில் எல்லாரையும் நிறைவு செய்யாது போகலாம். ஆயின் 'ஒப்புதல்கள்' அதற்குச் செயலளவில் சான்றாகின்றது. பத்தாம் பகுதியில் அவர் கேட்பதற்கு முன் தேடுகின்றார். எது குறை என்று ஒவ்வொரு புலனாக ஆராய்கின்றார். இன்னது வேண்டும் எனத் தெளிந்து கேட்டற்கு இன்னது இல்லை என அறிதல் வேண்டும். அவ்வறிவே கடும் முயற்சியாகும்.

நூலின் குறையொன்றையும் கூறாது விடுதல் முறையன்று. பல்லாண்டு தம்மோடு வாழ்ந்து ஒரு மகனையும் ஈன்ற பெண்ணை, வேறு திருமணத்திற்குத் தடை எனக் கருதி ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிய செய்தி ஆறாம் பகுதியில் சில வரிகளில் முடிகின்றது. இனி வேறோர் ஆடவனை அறியேன் என இறைவனிடம் உறுதி பூண்டு, மகனை விட்டு அவள் பிரிந்தாள். மணப்பெண் பருவமெய்த ஈராண்டு காத்திருக்கமாட்டாத இவரோ மற்றொருத்தியை நாடினார். தம் உள்ளம் புண்பட்டதை அவர் கூறுகின்றார். தம் இழிவையும் கூறுகின்றார். அவளுக்கு நேர்ந்ததைக் குறித்து அவ்விடத்தில் தனியே ஒரு வேண்டுதல் இல்லை. ஒன்பதாம் பகுதியின் இறுதியில் தாய் தந்தையரைப் பெயர் சொல்லி நினைக்குமாறு படிப்பவரை வேண்டும் அவர், இவள் பெயரை நூலில் எங்கும் தரவில்லை. முன்னிலை முழுவதும் இறைவனுக்கே உரியதாயின், தவறிழைக்கப்பட்டவர் படர்க்கையிலேயே நின்றுவிடுகின்றனர். எவ்வடிவம் அவர் உள்ளத்தைத் திறந்ததோ, அவ்வடிவமே அவளை நோக்கிய வாயிலை அடைத்துவிட்டது.

ஆக, இந்நூல் வழி நாம் பெறும் முடிவுகள் மூன்று. வேண்டுதல் விருப்பத்திற்கு ஈடாகாது. நிலைபேறு ஒருநாள் நிகழ்ச்சியாகாது, நாள்தோறும் தொடரும் கேட்டலாகும். அக்கேட்டல் இறைவன் முன் உண்மையைப் பிறப்பித்தாலும், தீங்குற்ற மனிதர்க்குச் செய்யவேண்டிய கடனைத் தானே தீர்த்துவிடாது. முதலிரண்டையும் அகுஸ்தீனார் அறிந்தே எழுதினார். மூன்றாவதை அவர்தம் நூல் அவரையறியாமலே நமக்கு உணர்த்துகின்றது.