ஸ்கோர்போர்டில் ஏறாத ஆட்டம்

ஆய்வாளர்களுக்கும் இப்போது ஸ்கோர்போர்டு வந்துவிட்டது. எத்தனை கட்டுரை, பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள், எச்-இன்டெக்ஸ் என்ன என்பதெல்லாம் பெயரைத் தட்டினால் வந்து விழுகிறது. ரத்தப் புற்றுநோய்த் துறையில் ஆயிரம் கட்டுரைகளைத் தாண்டியவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரௌலியை இந்த வாரம் அலசலாம். வாழ்நாள் கணக்கு சுமார் 500 கட்டுரைகள். மோசமில்லை. ஆனால் ஆட்டத்தைத் திருப்பியது 1973இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒன்று. நான்கே பக்கம், ஆசிரியர் பெயரும் ஒன்றே ஒன்று.

முன்கதை 1960இல் தொடங்குகிறது. பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அதில் ஒரு துண்டு அறுந்து தொலைந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். அது எங்கே போனது என்று பார்க்க அன்று வழியில்லை.

1970-71இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது, குரோமோசோம்களைப் பட்டை பட்டையாக ஒளிரவைக்கும் புதிய சாயமுறையை ரௌலி கற்றுக்கொண்டார். சிகாகோ திரும்பியதும் நுண்ணோக்கிப் படங்களை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிக்கோலால் வெட்டிச் சாப்பாட்டு மேசையில் ஜோடி சேர்த்தார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த மேசையில்தான் விடை கிடைத்தது. 22ஆம் குரோமோசோம் குட்டையாக இருந்த அதே அணுக்களில், 9ஆம் குரோமோசோமின் நுனியில் கூடுதலாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. துண்டு தொலையவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 48. நான்கு ஆண் பிள்ளைகளின் தாய். அவர்கள் வளரும் வரை பல ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே வேலை பார்த்தவர். இன்றைய அளவுகோலை 1970இல் அவர்மேல் வைத்திருந்தால் அணியில் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ், நீண்ட காலம் சீராக ஆடுபவருக்குச் சாதகமான கணக்கு. குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருந்தால் எண் 40. ஒரே கட்டுரை பத்தாயிரம் மேற்கோள் வாங்கினாலும் அந்த எண்ணில் ஒன்றுக்குமேல் கூட்டாது. கபில்தேவின் ஒருநாள் சராசரி 23.79, சதம் ஒன்றே ஒன்று. 1983இல் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ஜிம்பாப்வேக்கு எதிராக அவர் அடித்த 175, அந்தச் சராசரியில் எங்கே தெரிகிறது? இன்னொரு கூத்தும் உண்டு. முப்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை முப்பது பேர் கணக்கிலும் முழுதாக ஏறுகிறது. தனி ஆளாக எழுதியவருக்கும் அதே ஒன்றுதான்.

கால அளவு இதைவிடப் பெரிய கோளாறு. இதழ்களை எடைபோடும் இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே பார்க்கிறது. 1973 கட்டுரைக்கு அந்தக் கடை 1975இலேயே மூடிவிட்டது. அந்த இடமாற்றத்தில் ஒட்டிக்கொண்ட பிசிஆர், ஏபிஎல் மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டது 1980களில்தான். அவை சேர்ந்து உண்டாக்கும் புரதத்தை முடக்கும் இமாடினிப் மாத்திரையின் முதல் மனிதச் சோதனை முடிவுகளைப் பிரையன் ட்ரூக்கர் குழு 2001இல் வெளியிட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி. மேசையிலிருந்து மாத்திரைக்கு 28 ஆண்டுகள்.

அந்த 1973 ஆட்டத்தைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளவும் முடியாது. அதே காலத்தில் 8, 21 குரோமோசோம்களுக்கு இடையிலான மாற்றத்தையும் கண்டு ஒரு பிரெஞ்சு மரபியல் இதழில் எழுதினார். 1977இல் 15, 17 பற்றிய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. மூன்று வகை லுக்கேமியாவுக்கு மூன்று அடையாளங்கள்.

இன்று அவர் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? லுக்கேமியா நோயாளியின் பரிசோதனைச் சீட்டில் 9;22 என்று அச்சாகிறது; ரௌலி பெயர் இருப்பதில்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவாகிவிட்டால், கண்டவரின் பெயரை யாரும் குறிப்பிடுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை எப்போதோ எழுதிவைத்தார். என் கணக்கில் ஓர் ஆய்வாளர் எட்டக்கூடிய உச்ச ஸ்கோர் அதுதான்; எந்தத் தரவுத்தளமும் அதற்கு ஒரு ரன்கூடத் தருவதில்லை.

1998இல் நோவெல், ஆல்ஃபிரட் நட்சன் இருவருடன் லாஸ்கர் விருது, 2009இல் ஒபாமா கையால் அதிபரின் சுதந்திரப் பதக்கம். 2013 டிசம்பரில் 88 வயதில் ரௌலி மறைந்தார். நோபல் வரவில்லை. ஸ்டாக்ஹோம் தேர்வுக்குழுவின் அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.