ஜிமிக்கிக்குள் போகாத ஒளி

மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பெட்டி. நகையை உள்ளே வைத்து மூடிப் பட்டனை அழுத்தினால், மூன்று நிமிடத்தில் தானே அணைகிறது. கொரோனா காலத்தில் கைப்பேசிக்கென்று விற்ற சாதனம்தான் இப்போது நகைக்கான 'புற ஊதா சானிடைசர்' ஆகியிருக்கிறது. 2020 மே மாதம் டி.ஆர்.டி.ஓ.வின் ஹைதராபாத் ஆய்வகமான ஆர்.சி.ஐ., கைப்பேசிக்கும் ரூபாய் நோட்டுக்கும் 'ட்ரூவ்ஸ்' என்றொரு அலமாரி செய்து கொடுத்தது. வேலை அதே, அளவுதான் சிறிது.

பெட்டியை அச்சரப்பாக்கத்தில் வைத்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. முகூர்த்த மாதம் வந்தால் மேல்மருவத்தூரிலிருந்து திண்டிவனம் வரை மண்டபங்கள் நிறைந்துவிடும். கல்யாண செட் வாடகைக்கு விடுபவர்களுக்குக் கை ஓயாது. ஒரு மணப்பெண்ணின் வியர்வையோடு வந்த செட் மறுநாளே இன்னொரு பெண்ணின் கழுத்துக்குப் போகிறது. அப்படி வாடகைக்கு விடும் அக்கா ஒருவர், "தம்பி, இது கிருமியைக் கொல்லுமா, கல்லைக் கொல்லுமா?" என்று கேட்டார். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கிருமியைக் கொல்வது புற ஊதாவின் 'சி' வகை. அலைநீளம் 200 முதல் 280 நானோமீட்டர். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானுக்குள் எரியும் பாதரசக் குழாய் 254-இல் வேலை செய்கிறது; இந்தப் பெட்டிகளில் இருக்கும் எல்.இ.டி. பெரும்பாலும் 265-இலிருந்து 280-க்குள். கள்ளநோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா டார்ச் 365, 395 நானோமீட்டர் ரகம். அதில் ரூபாய் நோட்டின் இழை ஒளிரும், பாட்டி போற்றி வைத்த ப்ளூ ஜாகர் வைரத்தோடு நீலமாக மினுங்கும் (அந்த அழகுக்கென்றே ஒரு டார்ச் வாங்கலாம்), ஆனால் மூன்று நிமிடத்தில் கிருமி சாகாது. மலிவுப் பெட்டிகள் சிலவற்றுக்குள் இருப்பது இந்த விளக்குதான். அட்டையில் நானோமீட்டர் போடாத பெட்டியை வாங்காதீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஒளியின் அளவு. நகை இருக்கும் இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிவாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிடத்தில் சேருவது 18 மில்லிஜூல். சாதாரண பாக்டீரியா பலவற்றுக்கு அது போதும். பூஞ்சை வித்துகளுக்குப் போதாது. குடிநீர்க் கருவிகளுக்கான அமெரிக்கத் தரத்தின் உயர் வகுப்பு 40 மில்லிஜூல் கேட்கிறது. நான் பார்த்த பெட்டியின் கையேட்டில் '99.9 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மில்லிவாட் கணக்கு எங்குமே இல்லை.

ஆகவே புற ஊதா பட்டால் நிறம் மாறும் அட்டையை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி நகைகளோடு வைத்தேன். விளக்கைப் பார்த்துக் கிடந்த துண்டு நன்றாக நிறம் மாறியது. திருகாணிக்குப் பின்னால் செருகியது பாதிதான் மாறியது. ஜிமிக்கிக் கூட்டுக்குள் வைத்த துண்டோ வைத்தது வைத்தபடியே இருந்தது. ஒளி நேர்கோட்டில் போகும். நிழலில் கிடக்கும் கிருமிக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. உள்ளே அலுமினியப் பூச்சு இருந்தால் ஓரளவு எதிரொளித்து நிழலுக்குள்ளும் புகும். இந்தப் பெட்டியின் சுவர் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக். நகையில் அழுக்கு சேரும் இடங்கள் எவை என்று பாருங்கள்: திருகாணியின் மரை, கல்லுக்கு அடியிலுள்ள குழி, சங்கிலியின் கண்ணிகள். எல்லாம் நிழல்தான். போதாததற்கு எண்ணெயும் மஞ்சளும் சோப்புப் படிவும் மேலே படர்ந்திருந்தால் கிருமிக்குக் குடை பிடித்தது போல ஆகிவிடும். கழுவாமல் ஒளி காட்டுவது வீண் வேலை.

கழுவிவிட்டால்? அங்கேதான் இந்தப் பெட்டியின் சிக்கலே இருக்கிறது.

நவரத்தினத்தில் வைரம், மாணிக்கம், நீலம் மூன்றும், விரிசலுக்கு எண்ணெயோ கண்ணாடியோ நிரப்பாத இயற்கைக் கல்லாக ஓப்பன் செட்டிங்கில் இருந்தால், மூன்று நிமிடப் புற ஊதாவுக்கு அசையாது. ஆனால் அவை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்கும் அசையாதவை. கிண்ணத்தில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் அடிப்பக்கம் தேய்த்தால், பெட்டியைவிட நன்றாகச் சுத்தமாகும். பூந்திக்கொட்டை நுரையும் போதும்.

தண்ணீரில் ஊறக் கூடாதவற்றுக்கு ஒளியும் ஆகாது. முத்தில் புரதம் உண்டு. திரும்பத் திரும்பப் புற ஊதா பட்டால் மஞ்சளடிக்கும். பவளத்தையும் அம்பரையும் அதே கணக்கில் சேர்க்கலாம். மரகதம் பெரும்பாலும் எண்ணெயோ பிசினோ ஏற்றியே சந்தைக்கு வருகிறது; ஊறினால் எண்ணெய் கசியும், ஒளியில் பிசின் நிறம் மாறும். செவ்வந்திக்கல், குன்சைட், கதிர்வீச்சால் நிறமேற்றிய மஞ்சள் புஷ்பராகம் போன்றவை தண்ணீரைத் தாங்கும். தொடர்ந்து ஒளி பட்டால் வெளுத்துவிடும். ஒரு தடவை வைத்ததில் எதுவும் கெட்டுப்போகாது. தினமும் வைப்பதற்கென்றே விற்கும் பெட்டி என்பதால்தான் சொல்கிறேன். முத்துக்கும் பவளத்துக்கும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே சரி. ஆல்கஹால் சானிடைசரை அவற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் பெட்டிக்கு வேலையே இல்லையா? ஒன்று இருக்கிறது. குளோஸ் செட்டிங். அடியில் தகடு வைத்து மூடிய கெம்பு நகைகள், வடசேரி பாணி நெத்திச்சுட்டி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை. இவற்றை நனைத்தால் தண்ணீர் கல்லுக்குப் பின்னால் இறங்கித் தகடு கறுக்கும், அரக்கு விட்டுப்போகும். ஒளிக்கு அந்தப் பயம் இல்லை. தோலில் படும் பின்பக்கம் தட்டையாக இருப்பதால் நிழலும் குறைவு. பரதநாட்டிய வகுப்பில் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றி அணியும் செட்டுக்கும், மாமல்லபுரம் நாட்டிய விழா மாதிரி மேடைகளுக்கு வாடகையில் போய்வரும் செட்டுக்கும் இது உதவும். முதலில் துடைத்துவிட்டு, இரு பக்கமும் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். சூடேறாத எல்.இ.டி. பெட்டியாக இருக்கட்டும், அரக்கு சூட்டுக்கு இளகும். பிளாஸ்டிக் முத்தும் பசை போட்டு ஒட்டிய கல்லும் நாளடைவில் மஞ்சளடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காதுகுத்துக்கு முன் தோட்டை இதில் 'ஸ்டெரிலைஸ்' செய்யலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. மருத்துவமனையில் 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு செய்வது போன்றதற்குத்தான் ஸ்டெரிலைஸ் என்று பெயர். பெட்டியால் முடிவது கிருமியைக் குறைப்பது மட்டும்.

மூடி திறந்தால் விளக்கு உடனே அணைகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கையில் பிடித்து வீசும் குச்சி வடிவக் கருவிகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் சில நொடிகளில் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும் ரகங்கள் உண்டு என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2022 ஜூலையில் எச்சரித்தது. வெல்டிங் ஒளியைப் பார்த்தவருக்கு இரவில் கண் எரிவதும் இதே புற ஊதாவால்தான்.

அக்கா பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். நெத்திச்சுட்டியும் பிறைகளும் உள்ளே போகின்றன. வியர்வை அதிகம் படும் ஒட்டியாணம்தான் போகவில்லை. அதற்கு இரண்டு மடங்கு நீளமான பெட்டி வேண்டும், அந்த அளவில் வருபவை இதைவிட விலை கூடியவை.