நக்கண்ணையாரும் உப்பல் மைதானமும்

போரைப் பாடிய புலவர் பலர். போரைக் காண்போரைப் பாடிய புலவர் மிகச் சிலர். 1894-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய நாள்தொட்டு அந்நூலின் வேந்தரைப் பற்றியும் வள்ளல்களைப் பற்றியும் எழுதப்பெற்ற கட்டுரைகளுக்கு அளவில்லை. களத்துக்கு வெளியே நின்று, 'நம்மவன் வெல்வானோ, தோற்பானோ' என்று நெஞ்சு துடிக்கும் எளிய மாந்தரைப் பற்றிய பாடல்களோ அத்துணைக் கவனம் பெற்றில. 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் அத்தகையன. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு அவை, குறிப்பாக இறுதி மூன்றும், மிக அணுக்கமானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மற்போரும் இரு புலவரும்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி உறையூர்த் தித்தனின் மகன் என்றும், தந்தையோடு மாறுபட்டு வேற்றூரில் வாழ்ந்தவன் என்றும் உரையாளர் கொள்வர். அவன் முக்காவனாட்டு ஆமூரில் பேர்பெற்ற மல்லன் ஒருவனோடு மற்போர் செய்து வென்றான். இதனைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களிலும், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் மூன்று பாடல்களிலும் பாடியுள்ளனர்.

சாத்தந்தையார் களத்தை ஒட்டி நின்று காண்பவர். எந்தக் கால் எதிரியின் மார்பில் ஊன்றியது, எந்தக் கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்தது என்று அவரால் சொல்ல முடிகிறது. பசித்த யானை மூங்கிலை முறித்துத் தின்ன முயல்வதை உவமை காட்டுகிறார். மற்றொரு பாடலில் அதனினும் சிறந்த உவமை ஒன்றுண்டு. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எத்துணை விரைந்து ஓடுமோ, அத்துணை விரைவாக அமைந்ததாம் அந்தப் போர். அரசனின் மறத்தை அளக்க ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டுக் கவலையை அளவுகோலாகக் கொண்ட அப்புலவரின் துணிவு பாராட்டத்தக்கது.

ஆயினும் சாத்தந்தையாரின் பாடல்களில் ஐயம் இல்லை. வென்றவன் யார் என்பது தெரிந்த பின்னர்ப் பேசும் குரல் அது. நக்கண்ணையாரின் குரலோ முடிவு தெரியாத போதே தொடங்கி விடுகிறது. காண்போர் உள்ளத்தின் உண்மையான நிலை அதுவன்றோ!

நம் ஊர் அன்மை

இம்மூன்று பாடல்களையும் கைக்கிளைத் திணையில் அடக்கினர் நம் முன்னோர். ஆகவே ஒரு பெண்ணின் ஒருதலைக் காதல் என்ற அளவிலேயே பெரும்பாலோர் அவற்றைப் படித்து முடித்து விடுகின்றனர். 85-ஆம் பாடலின் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். என் தலைவனுக்கு இது சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. ஆதலால் வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும், இல்லை என்று மற்றொரு சாராரும் பேசுகின்றனர். அவ்விரு பேச்சும் நல்லனவே. நானோ காற்சிலம்பு ஒலிக்க ஓடி, எம் வீட்டருகே முழவு போன்ற அடியையுடைய பனையைப் பற்றி நின்று, அவன் வெல்வதைக் கண்டேன் என்கிறாள் தலைவி.

இங்கே காதலைக் காட்டிலும் மேலோங்கி நிற்பது ஊர் பற்றிய நினைவே. மக்கள் இரண்டாகப் பிரிவதற்கு அவள் கூறும் காரணம் வீரரின் வலிமையோ பயிற்சியோ அன்று. 'இவன் நம்மவனா, வந்தவனா' என்ற ஒன்றே. தன் ஊரில் ஆடியிருந்தால் ஊர் ஒரே குரலாக ஒலித்திருக்கும். வந்தவனுக்கு அப்பேறு இல்லை.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடைகளில் கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாடலை எடுத்தாளாத பேச்சாளர் இலர். எல்லா ஊரும் நம் ஊரே என்னும் அப்பெருங்கொள்கைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அது கொள்கை. நக்கண்ணையார் காட்டுவது வாழ்க்கை. 'இது அவன் ஊர் அன்று' என்று அவர் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறார். சைனிக்புரியில் வீடு கட்டிக் குடியேறிப் பிள்ளைகளைத் தெலுங்கு படிக்க வைத்திருக்கும் நமக்கு அச்சொல்லின் கூர்மை நன்கு விளங்கும்.

மேலும் ஒன்று. கோழி என்பது உறையூரின் பெயர். நாய்கன் என்பது வணிகன். உறையூர் வணிகன் மகளின் பாடலிலே, தலைவியின் வீட்டுப் பனையடியிலிருந்து காணுமளவுக்கு அணித்தாக வேற்றூர்ப் போர்க்களம் இருக்கிறதெனின், அவள் குடும்பமும் பிழைப்பின் பொருட்டு அங்கே சென்று தங்கியதாகலாமோ? இது முடிந்த முடிபன்று, ஊகமே. ஆயினும் அவ்வாறு கொண்டால் தலைவன் மட்டுமன்றித் தலைவியும் அவ்வூருக்கு வந்தவளே ஆகிறாள். அவள் ஏன் கூட்டத்தின் நடுவே நில்லாமல் தன் வீட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள் என்பதற்கும் அப்போது விடை கிடைக்கிறது.

ஒரு தடையும் விடையும்

இரு பேச்சும் நல்லனவே என்று அவள் கூறுவது எள்ளல் என்பார் உளர். 83-ஆம் பாடலை அவர் சான்று காட்டக்கூடும். அதில் அவள், தாய்க்கு அஞ்சியும் அவைக்கு நாணியும் நடுங்கும் தன்னைப் போலவே, என்றும் ஒரு பக்கம் நில்லாமல் இரண்டு படும் இவ்வூரும் நடுங்குக என்கிறாள். முன்னர் ஊரைச் சபித்தவள் பின்னர் ஊரார் பேச்சை மெய்யாகவே நல்லதென்பாளா என்பது தடை.

அச்சாபத்தை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். 'ஊர் கெடுக' என்றோ, 'மல்லன் பக்கம் நின்றோர் அழிக' என்றோ அவள் கூறவில்லை. 'நான் படும் பாட்டை நீங்களும் படுக' என்கிறாள். அது பகையன்று; தனிமை. தன் நடுக்கத்தில் பங்குகொள்ள ஓர் ஊரையே அழைக்கும் ஏக்கம். ஆதலின் எள்ளல் என்று கொள்ளாமல், எதிர்ப்பக்கத்தாரின் பற்றையும் பற்றென மதிக்கும் பண்பு என்று கொள்வதே பொருந்தும். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அது தீர்ப்பளிப்போர்க்குரிய அறம். காண்போர்க்கு உரியது பற்று. பற்றுடையாரும் பிறர் பற்றைப் பழியாதிருக்கலாம் என்பதே நக்கண்ணையார் காட்டும் நெறி.

ஆனால் ஒரு குறையை மறைத்தல் கூடாது. அவள் தலைவன் வென்றான். வென்றபின் எதிர்ப்பக்கத்தாரை நல்லவர் என்பது எளிது. அவன் தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? பாடல் இதற்கு விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடியே ஐதராபாத்தின் கிரிக்கெட் இரவுகளுக்கு வருகிறேன்.

மூன்று இறுதியாட்டங்கள்

2016, 2017 ஆகிய ஈராண்டுகள் சென்னை அணி ஐ.பி.எல். போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் என் மகன் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினான்; அவனுக்கு எட்டு வயது. 2016-இல் ஐதராபாத் அணி பெங்களூரில் பெங்களூர் அணியையே 8 ஓட்டங்களில் வென்று கோப்பையைக் கொணர்ந்தது. பிள்ளையின் நெஞ்சில் ஆரஞ்சு நிறம் ஏறிவிட்டது. நம் குடும்பங்கள் பலவற்றில் தந்தை மஞ்சளாகவும் பிள்ளை ஆரஞ்சாகவும் நிற்பதற்கு இவ்வீராண்டு இடைவெளியும் ஒரு காரணம் என்பேன்.

2018-இல் சென்னை திரும்பியது. தகுதிச்சுற்றில் ஐதராபாத்தை 2 விக்கெட்டுகளில் வென்று, மே 27 அன்று மும்பையில் நடந்த இறுதியாட்டத்திலும் அவ்வணியையே எதிர்கொண்டது. ஐதராபாத் 178 ஓட்டங்கள் எடுத்தது. வாட்சன் ஒருவரே ஆட்டமிழக்காமல் 117 எடுத்தார். சென்னை 8 விக்கெட்டுகளில் வென்றது. அன்று நான் கைதட்டினேன். மகன் அழுதுகொண்டே உள்ளே சென்றான். எதிர்ப்பக்கத்தார் பேச்சும் நன்றே என்று சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. நக்கண்ணையாரை அப்போது நான் இவ்வாறு படித்ததில்லை.

'ஏலத்தில் எடுத்த வீரர்க்கு ஊர் ஏது? அவர்க்காக வீட்டில் பூசலா?' என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உளர். கேள்வி நேரியதே. 2018-இல் சென்னைக்காக 602 ஓட்டங்கள் குவித்த அம்பதி ராயுடு ஐதராபாத்தில் ஆடி வளர்ந்தவர். ஐதராபாத்துக்கு எதிராகவே அவ்வாண்டு நூறு அடித்தார். ஐதராபாத் அணிக்காக 2020-இல் பந்து வீசிப் புகழ்பெற்று, தொடர்ந்து ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கிய நடராசன் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். அவ்வணியின் உரிமையாளரோ சென்னைக் குழுமத்தார். மண்ணைக் கொண்டு கணக்கிட்டால் எந்தப் பக்கமும் முழுதாக நம் பக்கமன்று. எந்தப் பக்கமும் முழுதாக அயலுமன்று.

ஆனால் கிள்ளிக்கு மட்டும் மண் இருந்ததா? தந்தையின் ஊரில் இடமின்றி வேற்றூரில் கூழுண்டு வாழ்ந்தவன் அவன் என்பதை 84-ஆம் பாடல் காட்டுகிறது. கூழுண்டாலும் பெருந்தோளன் என்று அவள் பெருமிதங் கொள்கிறாள். பற்றுக்குப் பட்டா தேவையில்லை. அமெரிக்காவில் 1957-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் புரூக்ளின் நகரத்து டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணி லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தது. அன்பர் நின்ற இடத்திலேயே நிற்க, அணி போய்விட்டது. நம் நிலை அதன் மறுதலை. அணி நின்ற இடத்திலேயே நிற்க, அன்பராகிய நாம் வந்துவிட்டோம். அணி ஏகினும் அன்பர் ஏகினும் பற்று மட்டும் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒருங்கே வேர் விடுகிறது.

2019 மே 12 அன்று இறுதியாட்டம் நம் உப்பல் மைதானத்திலேயே நடந்தது. ஆடியவை மும்பையும் சென்னையும். ஐதராபாத் அணி நான்கு நாள் முன்னரே விசாகப்பட்டினத்தில் தில்லியிடம் தோற்று வெளியேறியிருந்தது. மும்பை 149, சென்னைக்குக் கடைசிப் பந்தில் வேண்டியவை 2 ஓட்டங்கள். மலிங்கா வீசிய அப்பந்து சார்துல் தாக்கூரின் காலில் பட்டது. ஒரே ஓட்டத்தில் தோல்வி. நான் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முந்திய ஆண்டு என்னால் அழுத பிள்ளை அன்று மாலை முதலே சென்னைக்காகக் கத்திக்கொண்டிருந்தான். 'அப்பா, நம்ம ஊர் மைதானத்துல உங்க ஊர் தோத்துடுச்சே' என்றான். அவன் சொன்ன 'நம்ம ஊர்', 'உங்க ஊர்' என்ற இரு சொற்களும் என்னுள் நெடுநாள் தங்கின.

ஐந்தாண்டு கழித்துக் காட்சி தலைகீழாயிற்று. 2024-இல் சென்னை அணி முதற்சுற்றோடு நின்றது. மே 26 அன்று சேப்பாக்கத்தில் ஐதராபாத் இறுதியாட்டம் ஆடியது. எதிரணியாகிய கொல்கத்தாவிலும் நம் வருண் சக்கரவர்த்தி இருந்தார். ஆயினும் எனக்கு அன்று ஐயமே எழவில்லை. மகனுக்கு ஏற்ற பக்கமே என் பக்கம். ஐதராபாத் 113 ஓட்டங்களில் சுருண்டது; கொல்கத்தா 8 விக்கெட்டுகளில் வென்றது. பதினாறு வயதுப் பிள்ளை இம்முறை அழவில்லை. 'உங்க மைதானத்துல எங்க ஊர்' என்று சொல்லி மெல்லச் சிரித்தான். ஐந்தாண்டுக்கு முன் சொன்னதை அவன் மறந்திலன்.

பாடல் சொல்லாத பகுதி

தோற்றவர் பாடலை அறியப் புறநானூற்றில் பாரி மகளிரின் 112-ஆம் பாடலுக்குத்தான் செல்லல் வேண்டும். ஒரு திங்களுக்குள் தந்தையையும் குன்றையும் இழந்த அப்பெண்களுக்கு அடுத்த ஆண்டு என்பதில்லை. விளையாட்டில் அஃது உண்டு. போரின் துடிப்பு அனைத்தையும் தந்து, போரின் இழப்பை மட்டும் தவிர்ப்பதாலேயே விளையாட்டு நாகரிகத்தின் நற்பேறுகளுள் ஒன்றாகிறது.

எனவே நக்கண்ணையார் சொல்லாமல் விட்ட விடையை நான் இவ்வாறு நிரப்பிக்கொள்கிறேன். தலைவன் தோற்றிருந்தாலும் அவள் அப்பனையைப் பற்றியே நின்றிருப்பாள். இரு பேச்சும் நல்லன என்று அவள் சொன்னது வெற்றியின் பெருந்தன்மையன்று. வந்த ஊரில் வாழக் கற்றவளின் அறிவு. ஒருவேளை அடுத்த வீட்டாரும் வந்து அவளருகே நின்றிருப்பர்.

'தமிழனாயின் சென்னைக்கே கைதட்டுக' என்பாரும், 'உண்ணும் சோறு இவ்வூரது. இவ்வூர்க்கே கைதட்டுக' என்பாரும் நம் சங்கத்தில் உளர். இரு பேச்சும் நல்லனவே. பிள்ளைகளின் பக்கத்தை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். தோற்ற இரவில் அவர்கள் அருகே அமர்ந்திருக்க நாம் தவறாதிருந்தால் போதும்.