பன்னிரண்டு அணா

ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்ற நூலின் தலைப்பில் எனக்குப் பிடித்தவை கடைசி இரண்டு சொற்கள். 347 ரூபாய் என்று நிறுத்தியிருந்தால் அது ஒரு தொகை. கூடவே 12 அணா வந்து உட்கார்ந்ததும் அது ஒரு வீட்டுக் கணக்கு ஆகிவிடுகிறது. சரித்திரத்தில் தொகைகள் எப்போதும் முழு எண்களாக வரும். வீடுகளில் அப்படி வராது, சில்லறையோடுதான் வரும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தூத்துக்குடியில் 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட வ.உ.சி., 1908இல் சிறைக்குப் போய் 1912 கடைசியில் வெளியே வருகிறார். வக்கீல் சன்னது போய்விட்டது. கம்பெனியும் போய்விட்டது. குடும்பத்தோடு சென்னைக்குப் பெயர்கிறார். மண்ணெண்ணெய் விற்றார், அரிசி விற்றார் என்பார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சிலர் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி வழியாக வரவேண்டியிருக்கிறது. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து, தம்பு செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்குகிறார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஆரம்பிக்கிறது. பணம் கைக்கு வந்து சேரும்போது 1916 பிறந்துவிடுகிறது.

இந்தக் கதையை இணையத்தில் இரண்டு விதமாகத்தான் வாசிக்கிறோம். ஒன்று, காந்தி பணத்தை அமுக்கிவிட்டார் என்ற ரகம். சலபதியின் நூல் அந்தப் புரளியை ஆவணத்தை வைத்தே ஓரங்கட்டிவிடுகிறது. பணம் தாமதமானது, தொலையவில்லை. இரண்டாவது, செப்டம்பர் 5 வந்தால் 'செக்கிழுத்த செம்மலுக்கு இந்த நிலைமையா' என்று உருகும் ரகம். முதலாவது ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. இரண்டாவது ஒரு தியாகியை. இரண்டுக்கும் அந்த வீட்டின் அடுப்பைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது.

கடிதங்களை நேராக வாசித்தால் கண்ணில் படுவது வேறு. காந்தியைப் பார்க்க விடிகாலையில் வரவேண்டும்; டிராமில்தான் வரமுடியும் என்பதால் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தலாம் என்று ஒரு கடிதத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். இரண்டு நீராவிக் கப்பல்களை வாங்கி ஓடவிட்ட மனிதர் முதல் டிராமின் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறார். இதைச் சோகமாக வாசிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எழுதுகிற தொனியில் சோகம் இல்லை. தகவல் இருக்கிறது. பணம் பற்றியும் அப்படியே. வேண்டாம் என்ற நாடகம் கிடையாது. எனக்கும் குடும்பத்துக்கும் தேவையிருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன் என்ற நேர்மையான மரியாதை. கொடுத்தவர்கள் பெயரும் தொகையும் காந்திக்குச் சரியாக நினைவில்லை. இவருக்கோ அது நினைவில் வைத்துக்கொள்ளவேண்டிய தொகை.

எங்கள் தொழிலில் ஒரு வித்தியாசம் சொல்லுவோம்: ஒரு குழாய் வழியாக மொத்தம் எவ்வளவு போகிறது என்பது ஒன்று, போட்டது மறுமுனைக்கு எப்போது வந்து சேர்கிறது என்பது வேறொன்று. இரண்டாவதற்கு லேட்டன்சி என்று பெயர். வறுமையைப் பற்றி எழுதும்போது நாம் எப்போதும் முதலாவதையே எழுதுகிறோம். எவ்வளவு இல்லை என்று. குறிப்பிட்ட வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு வயிற்றைக் கலக்கும் கேள்வி அதுவல்ல. எந்தத் தேதிக்கு வரும்? அதுவரைக்கும் யார் தாங்குவார்கள்? 347 ரூபாய் 12 அணா பிந்திய அத்தனை மாதமும் அந்த வீட்டில் அரிசி வெந்துதானே இருக்கும்? அதை யாராவது கடனாகக் கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமான பாத்திரம்.

தூத்துக்குடியில் மாதச் சம்பளக்காரர் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பாத்திரத்தைத் தெரியும். அண்ணாச்சி. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் நீள நோட்டு ஒன்று, நம் வீட்டில் அதற்கு ஜோடியாகக் குட்டி நோட்டு ஒன்று. இருபதாம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டில் எல்லாமே அந்தக் குட்டி நோட்டு வழியாகத்தான் வந்தது. "ஒண்ணாந்தேதி பாத்துக்கிடலாம்னு அம்மா சொன்னாவ அண்ணாச்சி" என்ற வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய பிறகே பள்ளிக்கூடத்தில் திருக்குறள் மனப்பாடம் செய்தேன். விலை ஏறினால் அப்பாவின் சம்பளம் கூடாது, நோட்டுக்குப் போகும் தேதிதான் முந்தும். இருபது பதினெட்டாகும், பதினெட்டு பதினைந்தாகும். விலைவாசி உயர்வு என்று செய்தித்தாள் சொல்வதை அம்மா ஒரு தேதியாகத்தான் புரிந்துவைத்திருந்தாள்.

இதைத் தமிழில் மிகச் சரியாகப் பிடித்தவர் புதுமைப்பித்தன். 'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர் பஞ்சத்தில் அடிபட்டவர் இல்லை. விளம்பரம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். மனைவி கமலம், குழந்தை அலமு, காபிப்பொடி, கடைக்காரன் பாக்கி. கதையில் ஒன்றுமே நடப்பதில்லை. நண்பரிடம் கடன் கேட்கிறார், கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, திங்கட்கிழமைக் கவலை திங்கட்கிழமைக்குத் தள்ளப்படுகிறது. அவ்வளவுதான். எழுத்தாளனின் வறுமை என்று இதைப் பாடம் நடத்துகிறவர்கள் கதையைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இது தேதிகளைப் பற்றிய கதை. தலைப்பிலேயே அலகு இருக்கிறது: ஒரு நாள்.

அந்தக் கதை வந்த அதே காலத்தில் அதே மாதிரியான இன்னொரு பிரதி தூத்துக்குடியில் உருவாகியிருக்கிறது. வ.உ.சி. 1936இல் எழுதிய உயில். சன்னது திரும்பக் கிடைத்து, கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்து, 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தவர், அந்த ஆண்டு நவம்பர் 18இல் இறக்கிறார். உயிலில் தாம் தரவேண்டிய கடன்களைச் சொல்லிவைக்கிறார். வீட்டு வாடகைப் பாக்கி, ஜவுளிக்கடைப் பாக்கி, எண்ணெய்க்கடைப் பாக்கி என்று சின்னச் சின்னத் தொகைகள். வருஷா வருஷம் இதன் படம் வாட்சப்பில் சுற்றுகிறது, கீழே கண்ணீர் விடும் பொம்மைகளோடு.

நான் இதை உரைநடையாக வாசிக்கச் சொல்வேன். உயில் என்பது இருப்பதைப் பிரித்துக் கொடுக்கிற எழுத்து வகை. இவர் அதில் இல்லாததை வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் புலம்பல் இல்லை, நாட்டின் நன்றிகெட்டதனத்தைப் பற்றி ஒரு குத்தல்கூட இல்லை. கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் சேரவேண்டியது சேரவேண்டும், அவ்வளவே. திருக்குறளுக்கு உரை எழுதியவர், தொல்காப்பியம் பதிப்பித்தவர், சுயசரிதையைச் செய்யுளில் எழுதியவர். அவருடைய எழுத்திலேயே மிகச் சிக்கனமான நடை இதுதான் என்பது என் அபிப்பிராயம். சுயசரிதைச் செய்யுளில் இருக்கும் அலங்காரம் எதுவும் இங்கே இல்லை. கடன்காரன் பெயரில் எதுகை மோனை பார்க்க முடியாதில்லையா.

இந்த மனிதர்தான் 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். தானியங்கள் விலையேறிக் கிடந்த காலம். மில்லில் கூலி நின்ற இடத்தில் நின்றது. கூலியைக் கூட்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு கொடு என்பது கோரிக்கை. ஒன்பது நாள் போல நடந்து தொழிலாளிகள் ஜெயித்தார்கள். இந்தப் போராட்டத்தை எல்லோரும் தேச விடுதலைக் கணக்கில் வைக்கிறார்கள், சரிதான். ஆனால் வீட்டுக் கணக்கிலும் அதற்கு இடமுண்டு. வருமானம் போதவில்லை என்பது அதுவரை பெண்டாட்டியும் புருஷனும் ராத்திரி தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற சமாச்சாரம். அதைப் பகலில், தெருவில், ஆயிரம் பேருக்கு நடுவே உரத்துச் சொல்லலாம் என்று காட்டியவர் இவர். சிக்கனமாக இருங்கள் என்று அந்த மில் தொழிலாளிகளிடம் அவர் உபதேசம் பண்ணவில்லை.

ஏழு வருஷம் கழித்து அவருடைய சொந்தப் பற்றாக்குறை மறுபடியும் தாழ்ந்த குரலுக்குத் திரும்பிவிடுகிறது. தபாலில் மூடிய உறைக்குள். சலபதியின் நூலை வாசித்து முடித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது இந்தத் திருப்பம்தான். காந்தியின் மறதி இல்லை.

நூலில் எனக்கு ஒரு குறையும் உண்டு. குறை என்பதைவிட ஒரு வெற்றிடம் என்று சொல்லலாம். இரண்டு ஆண்கள் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்துக் கட்டிய நூல், ஆகவே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. மீனாட்சி அம்மாள் 1915இல் அந்த மாதங்களை எப்படி ஓட்டினார்? எந்தக் கடையில் பாக்கி வைத்தார், எதை அடகு வைத்தார்? ஆவணம் இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியர் கதை விடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். சலபதியின் பலமே அந்தக் கட்டுப்பாடுதான். ஆனால் 12 அணாவை ஞாபகம் வைத்திருந்தது யார் என்று ஒரு வாசகன் கேட்கலாம். என் ஊகம், அது கடிதம் எழுதியவர் மட்டுமாக இருக்காது.

அந்த வெற்றிடத்தை இந்த ஊரில் நிரப்பியது ஒரு நாவல். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்', 1979. தூத்துக்குடி உப்பளங்களில் நேரில் போய் அலைந்து எழுதியது. நாவலாக அதில் நிறைய ஓட்டைகள் உண்டு. பல இடங்களில் பாத்திரங்களை நகர்த்திவிட்டு ஆசிரியரே பேச ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் பொன்னாச்சியின் வீட்டில் கூலிக் காசு வந்து விழுகிற பக்கங்களை நம் நவீனத்துவ மேதைகளில் பலரால் எழுதியிருக்க முடியாது. அவர்களுக்குப் பசி தெரியும், கணக்கு தெரியாது. உப்பளத்தில் மழை வந்தால் வேலை இல்லை. வானம் கறுத்தால் ஊர் முழுக்கக் கவிதை எழுதுகிறது, உப்பளத்துப் பெண் நாள் எண்ணுகிறாள். அந்த எண்ணிக்கையை எழுதியதற்காகவே ராஜம் கிருஷ்ணனை இன்னும் கவனமாக வாசித்திருக்கவேண்டும். 'பிரச்சார எழுத்து' என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்தது நம் வசதி.

இப்போது இந்தக் கரையில் அரசாங்கமே தேதிகளைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாயில் என்ன வரும் என்று கேட்கிற ஆட்கள் என் அலுவலகத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய ஒரு வெள்ளிக்கிழமை பில் அதைவிட அதிகம். மாதத்தின் நடுவில் வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நோட்டுக்குப் போகிற தேதி அது. அதே சமயம், 61 நாளைக்கு 8,000 என்றால் நாளுக்கு 131 ரூபாய் சொச்சம் என்பதையும் போட்டுப் பார்க்கவேண்டும். தொகை அப்படியே நிற்க விலை மட்டும் ஏறினால் சீக்கிரமே தேதிக்கும் அர்த்தம் போய்விடும். கோரல் மில் தொழிலாளிகள் கண்டுபிடித்தது அதைத்தான்.

யூடியூபில் 'நடுத்தரக் குடும்பம் பணம் சேர்ப்பது எப்படி' வகையறா வீடியோக்கள் பார்க்கிறவர்களிடம் சலபதியின் நூலைக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த வீடியோக்களில் எல்லாச் சிக்கலும் செலவில்தான் இருக்கிறது. டீயைக் குறை, ஹோட்டலை நிறுத்து. வருமானத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. கடன் கொடுத்தவரைப் பற்றியும் கிடையாது. உலகத்தில் நீயும் உன் எக்செல் ஷீட்டும் மட்டும்.

வ.உ.சி.யின் கணக்கில் நிறையப் பேர் இருந்தார்கள். சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் பெயரை மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். கஷ்ட காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கைகொடுத்த வேதியப் பிள்ளையின் நினைவாக ஒரு மகளுக்கு வேதவல்லி. வீட்டுக்குள் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டாலே ஒரு பற்றுச்சீட்டு வாசித்த மாதிரி இருந்திருக்கும். எண்ணெய்க்கடைக்காரர் பெயரை எந்தப் பிள்ளைக்கும் வைக்கவில்லை. அவருக்கு உயிலில் ஒரு வரி கிடைத்தது.