புறாக்கூடும் கணினி அறையும்

நெடுந்தீவுக்குச் செல்வோருக்கு அவ்வூரார் தவறாது காட்டும் இடங்களுள் ஒன்று புறாக்கூடு. முருகைக்கல்லால் எழுப்பப்பட்டு, புறாக்கள் தங்குதற்கேற்ற பொந்துகள் விடப்பட்ட கட்டடம் அது. ஒல்லாந்தர் காலத்தில் தூதுப் புறாக்கள் அங்கு வளர்க்கப்பட்டன என்று சொல்லப்படுகிறது. அதே தீவிற் பழைய கோட்டையின் இடிபாடும் குதிரை லாயத்தின் தூண்களும் நிற்கின்றன. கோட்டை, லாயம், புறாக்கூடு ஆகிய மூன்றும் அவ்வக் காலத்தின் உயர்ந்த தொழினுட்பங்களே. ஆயினும் அப்புறாக்கள் சுமந்த ஓலைகளுள், நெடுந்தீவுக் குடியானவன் ஒருவன் தன் மகனுக்கு விடுத்த ஓலை ஒன்றேனும் இருந்திருக்குமா? ஆட்சியாளரின் கட்டளையும் கணக்குமே அவற்றின் கால்களிற் பறந்தன என்று கொள்வதிற் பிழையில்லை.

பழங்கதை பேசுவது நமது நோக்கமன்று. கடந்த சில ஆண்டுகளாக நமது கல்லூரி மேடைகளில் 'நவீன தொழினுட்பம்' என்னுஞ் சொல் பெறும் ஆரவாரத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் புறாக்கூடு நம் நினைவுக்கு வருகிறது. கருவி எது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். அக்கருவி யாருடைய தேவைக்காக வருகிறது, வந்த பின் அதனைப் பேணி நிற்பவர் யார் என்ற கேள்விகளைக் கேட்போர் சிலரே.

தீவகத்திற் பல்கலைக்கழகம் இல்லை. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, வேலணை மத்திய கல்லூரி, நெடுந்தீவு, நயினாதீவு மகா வித்தியாலயங்கள் என இங்குள்ளவை யாவும் பாடசாலைகளே. உயர்தர வகுப்பைக் கடந்த பிள்ளை 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்துக்கோ, 2014 முதல் பொறியியற் பீடம் இயங்கிவரும் கிளிநொச்சிக்கோ, இன்னுந் தொலைவுக்கோ செல்லவேண்டும். கரம்பனிற் பிறந்து, ஊர்காவற்றுறையில் எழுத்தறிந்து, உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயக அடிகளின் காலந்தொட்டு இதுவே வழக்கம். 1945இற் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பாடசாலையை நோக்கிச் சென்ற பாதையைத் திறந்ததே யன்றிக் கடலைக் குறுக்கவில்லை. ஆகவேதான், கணினியும் இணையமும் தூரத்தை அழித்துவிடும் என்ற வாக்குறுதி வேறெவரையும் விடத் தீவகத்து மக்களுக்கு இனிப்பாக இருந்தது.

அந்த வாக்குறுதி முதலில் நன்கொடை வடிவில் வந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போர் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலாம் ஊர்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் பின்னர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறி, தாம் படித்த பாடசாலையை மறவாது பொருளுதவி செய்தனர். அவ்வன்பை நாம் குறைத்துப் பேசமாட்டோம். எனினும் தீவகப் பாடசாலை யொன்றில் நாம் கண்ட காட்சியை மறைக்கவும் மனம் இடந்தரவில்லை. பூட்டிய அறையொன்றைத் திறந்து காட்டினார்கள். சுவரிற் கொடையாளியின் பெயர் பொறித்த பலகை பளிச்சென்று மின்னியது. மேசைகளின் மேல் கணினிகள், பூப்போட்ட துணியால் மூடப்பட்டு, நிரையாக இருந்தன. "பழுதாகிவிடும் என்ற பயத்தில் பிள்ளைகளைத் தொடவிடுவதில்லை" என்றார் உடனிருந்த ஆசிரியர். பழுதானால் திருத்த ஆளில்லை. திருத்துவதற்கு ஒதுக்கிய பணமுமில்லை. அவரை நாம் குறைகூற முடியுமா? உப்புக் காற்று துணியையும் பூட்டையும் ஊடுருவித் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது!

அரசின் முயற்சி இதனினும் பெரிது, குறையும் பெரிது. 2013இல் உயர்தர வகுப்பிற் தொழினுட்பத் துறை புதிதாக ஏற்படுத்தப்பட்டது. கலைத்துறையிற் குவிந்து, பட்டத்துடன் வேலையின்றி நின்ற நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாயில் என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் பொறியியற் தொழினுட்பத்தையும் உயிர்முறைமைகள் தொழினுட்பத்தையும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க வியலாது. ஆய்வுகூடமும் பயிற்சிபெற்ற ஆசிரியரும் வேண்டும். அவை இல்லாத சிறு பாடசாலையின் மாணவனுக்கு இத்துறை பத்திரிகையில் வாசிக்கும் செய்தியே.

2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. அந்நாள்களில் நடந்தவற்றைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். ஏனெனில் நமது வளாகங்கள் தொழினுட்பத்தை ஏற்ற விதத்துக்கு அதுவே உரைகல். பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல காரியம் நடந்தது. 'லேர்ன்' எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு சூம் வழியான வகுப்புகளுக்கு வசதி செய்தது. அவ்வலையமைப்பினூடாகக் கற்கும் மாணவரிடம் தரவுக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைபேசி நிறுவனங்களும் உடன்பட்டன. பொதுச் சொத்தாக வளர்க்கப்பட்ட ஒரு வலையமைப்பு நாட்டில் இருந்தமையாலேயே இது இயன்றது. இதனைப் பாராட்டாது விடுவது நேர்மையாகாது.

ஆயினும் கட்டணம் இல்லை என்பது வேறு, அலைவரிசை உண்டு என்பது வேறு. கைத்தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டில், அத்தொலைபேசியுந் தந்தையுடன் கடலுக்குப் போய்விட்டால், வளாகத்து மாணவி எதனைக் கொண்டு விரிவுரை கேட்பாள்? பாடசாலைப் பிள்ளைகளுக்கோ இந்த இலவசமும் இல்லை. வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாளைச் சிறு திரையிற் பார்த்துக் கையால் எழுதியெடுத்தவர்கள் எத்தனை பேர்! ஊவாவின் மலைக் கிராமமொன்றிற் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் குன்றேறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. தீவகத்தில் ஏறுவதற்குக் குன்றுமில்லை. அவ்வாண்டு யூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, "பிள்ளைகளைக் கைவிட்டார்கள்" என்று கூச்சலிட்டோர் பலர். நீண்டகாலச் சம்பள முரண்பாட்டுடன், தம் கைப்பணத்தில் தரவு வாங்கிப் பாடம் நடத்திய சுமையும் அவர்களின் முதுகில் இருந்தது என்பதை அக்கூச்சல் மறைத்துவிட்டது. கருவியின் செலவை ஆசிரியரும் பெற்றோரும் ஏற்க, பெருமையை அறிக்கை எழுதியோர் ஏற்றுக்கொண்டனர்.

மின்சாரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே டீசல் இயந்திரங்களை நம்பி இருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் குறைவின்றிக் கிடைக்கும் இடத்தில், எண்ணெயைக் கடல்வழியாக ஏற்றிவந்து எரித்து விளக்கேற்றினோம். 2021 சனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், மூன்று தீவுகளிலும் கலப்பு மின்நிலையங்கள் அமைக்கும் பணியைச் சீன நிறுவனமொன்றின் கூட்டு முயற்சிக்கு வழங்க அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். சூரிய ஒளியால் 1,700 கிலோவாற், காற்றால் 530 கிலோவாற், சேமிப்புக்கு 2,400 கிலோவாற்-மணி மின்கலங்கள், துணைக்கு 2,500 கிலோவாற் டீசல் இயந்திரம். இந்திய நன்கொடை ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர்.

திட்டம் நல்லதே. ஆயினும் 2021இல் ஒன்பதாம் வகுப்பிலிருந்த அனலைதீவுப் பிள்ளை, தாள்கள் தலைநகரங்களுக்கிடையே அலைந்த அந்த மூன்றாண்டுகளில் உயர்தர வகுப்பின் வாசலை எட்டிவிட்டது. இடையில் 2022இன் நெருக்கடி. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. மண்ணெண்ணெயின்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. பரீட்சைத் தாளுக்குக் காகிதமுமின்றி மேல்மாகாணத்திற் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. வல்லரசுகள் தீவுகளை வரைபடத்திற் புள்ளிகளாகக் காண்கின்றன. அப்புள்ளிகளில் வகுப்பறைகள் உண்டென்பதைப் பேச்சுவார்த்தை மேசையில் எவர் எடுத்துரைத்தார்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்த் தட்டச்சுக்கு விசைவரிசை வகுத்த ஆர். முத்தையா 1886இற் சுண்டிக்குளியிற் பிறந்தவர் என்று நாம் பெருமை பேசுவோம். ஆனால் ஒருங்குறி வந்து, 2008இல் நாட்டின் தமிழ் விசைப்பலகைக்கு நியமமும் வகுக்கப்பட்ட பின்னரும், நம் அலுவலகங்களும் பாடசாலைகளும் பாமினி எழுத்துருவை விட்டபாடில்லை. பாமினியில் அடித்த கட்டுரை வேறொரு கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும், தேடினாற் கிடையாது. மறுபுறம், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து ஏடுகளை ஆயிரக்கணக்கில் மின்வடிவாக்கியுள்ளது. 1981இல் நூலகம் எரிந்த ஊருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. அங்கே கருவிக்கு முன்னதாக அதனைப் பேணும் மனிதர் திரண்டனர்.

அண்டையிலுள்ள கேரளத்தையும் பார்க்கலாம். அங்கு 2001 முதல் பாடசாலைக் கணினிக் கல்வி வளர்ந்தது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை விடுத்துக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினர். 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பாடசாலைகளிற் தொடங்கின. கணினியின் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டவும், மலையாளத்தில் தட்டச்சிடவும் பிள்ளைகளே கற்கின்றனர். 2020இற் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடந்தபோது, வசதியற்ற பிள்ளைகளுக்கு ஊர் வாசகசாலைகள் கதவைத் திறந்தன. கேரளத்திற் குறையே இல்லை என நாம் சாதிக்கவில்லை. துணிபோட்டு மூடிவைக்கும் மனப்பான்மைக்கு மறுமொழி அங்கு கிடைத்திருக்கிறது என்பதே நம் கருத்து.

நம் நண்பர்கள் சிலர், இவையெல்லாம் பன்னாட்டு முதலாளிகளின் சரக்கு, நமக்கெதற்கு என்பர். இங்கிலாந்தின் நெசவாளர் 1811இல் இயந்திரங்களை உடைத்த கதையை அவர்கள் மீண்டும் வாசிக்கவேண்டும். இயந்திரத்தையும் அதனை உடைமையாக்கியவனின் பயன்பாட்டையும் வேறுபிரித்துக் காணத் தொழிலாளிக்குக் காலம் பிடித்தது என்று மார்க்ஸ் விளக்கியுள்ளார். நாமும் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நாம் கேட்பது சிறிது. தீவகப் பாடசாலைகளுக்கெனத் திருத்துநர் பதவியொன்று, தீவிலேயே குடியிருக்கும் இளைஞர் ஒருவருக்கு, மாதச் சம்பளத்துடன். உதிரிப்பாகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. பதினொராம் வகுப்புப் பிள்ளைகள் திருகாணிச் சாவியைக் கையில் எடுக்க அனுமதி. இப்போது நிகழ்வதோ இதுதான்: யாழ்ப்பாணத்திலிருந்து வரும் திருத்துநர் குறிகட்டுவானில் ஒரு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு மணித்தியாலம் கடலில் மிதந்து, நண்பகலில் நெடுந்தீவு வந்து சேர்கிறார். கணினியைத் திறந்து பார்க்கிறார். வேண்டிய பாகம் அவர் பையில் இல்லை. பின்னேரப் படகு புறப்படும் நேரமாகிவிடுகிறது.