வழிகாட்டி ஆசிரியருக்கு யார் நேரம் தருவது?

2015இல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டாக நீண்டபோது கிடைத்த பெரிய நன்மை, பள்ளிப் பயிற்சிக்கான காலம் கூடியதுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை 20 வாரமாக்கின; அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. முன்பு 40 நாளில் முடிந்துவிடும். பிள்ளைகளின் பெயர் மனத்தில் பதிவதற்குள் விடைபெற வேண்டியிருக்கும். இப்போது ஒரு மாணவ ஆசிரியர் தான் நடத்திய பாடத்துக்குத் தானே தேர்வு வைத்து, விடைத்தாளைத் திருத்தி, எந்த இடம் புரியவில்லை என்று கண்டு, அதையே வேறு வழியில் மறுபடி நடத்திப் பார்க்கலாம். ஆசிரியப் பணியின் சாரமே இந்தச் சுற்றுதான்.

இந்தச் சுற்றைத் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்துதல் நடத்துகிறவருக்குக் கரும்பலகையும் முதல் வரிசையும்தான் தெரியும். கடைசி பெஞ்சில் வழிகாட்டியாக உட்கார்ந்திருக்கும் அனுபவமுள்ள ஆசிரியருக்கோ, யார் புரிந்து எழுதுகிறார்கள், யார் பார்த்து எழுதுகிறார்கள் என்பது தெரியும். வகுப்பு முடிந்ததும் அதைப் பற்றி இருவரும் பேசும் பத்து நிமிடம், ஒரு பருவம் முழுக்கக் கல்லூரியில் கேட்ட விரிவுரைகளைவிட மேலானது. இதில் வழிகாட்டிக்கும் ஆதாயம் உண்டு. 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்கப்படும்போதுதான், பல ஆண்டுப் பழக்கத்துக்கு அவரும் காரணம் தேடுகிறார்.

நடைமுறையில் அந்தப் பத்து நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது. மாணவ ஆசிரியர் வந்த மறுநாளே, விடுப்பில் இருப்பவரின் பாடவேளைகள் அவர் தலையில் விழுகின்றன. வழிகாட்டிக்கும் வகுப்பைப் பார்வையிடும் வேலை, ஓய்வெடுக்கக் கிடைத்த பாடவேளையாக மாறிவிடுகிறது. பாடத்திட்டக் குறிப்பேட்டில் 'குரல் வளம் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று' என்று ஒரே வாசகம் பக்கம் பக்கமாக வரும். கையொப்பம் வார இறுதியில் மொத்தமாக விழும். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் முழுதும் வகுப்பு, இடையே எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விலையில்லாப் பொருள்கள் வழங்கும் பொறுப்பு என்று ஓடுகிறவரிடம், எந்தப் பணியையும் குறைக்காமல் இன்னொன்றையும் ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

தேர்ச்சி விகிதத்துக்கு அஞ்சிப் பத்தாம் வகுப்பைப் பல பள்ளிகள் மாணவ ஆசிரியரிடம் தருவதில்லை. அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் வேலை கிடைத்த முதல் ஆண்டே அவர் நடத்த வேண்டியிருப்பது அந்த வகுப்பாகவும் இருக்கலாம். நடத்த விடாவிட்டாலும் உடனிருந்து பார்க்கவாவது விடலாமே.

இதைவிட ஆழமான சிக்கல், வருகைச் சான்றும் கையொப்பமும் வழிகாட்டியிடமே இருப்பது. தன் தடுமாற்றத்தை அவரிடம் மனம்விட்டுச் சொல்ல எந்த மாணவ ஆசிரியருக்குத் துணிவு வரும்?

வழிகாட்டுவதும் தனியே கற்க வேண்டிய திறன்தான். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பேற்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. கற்றுத்தரவும் தெரியும் என்று தேர்வெழுதி நிறுவ வேண்டும். பயிற்சி இடங்களைப் பெருக்குவதற்காக 2003இல் அந்த நிபந்தனையை நிறுத்திவைத்தார்கள். 2009இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாம் வழிகாட்டியாகும் ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சியாவது தரலாம். பயிற்சிக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையை அவருடைய கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, மாணவ ஆசிரியருடன் உட்கார்ந்து பேசுவதை அந்த நேரத்துக்குரிய பணியாகவே பதிவேட்டில் எழுதலாம். வருகைச் சான்றைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.